அப்டேட் கேட்கும் கேம் கன்சோலுக்கு என்ன பதில் சொல்வது?

திரையில் ‘புதிய அப்டேட் வந்திருக்கிறது’ என்று கன்சோல் கேட்கும்போது சரி என்று அழுத்துவதா, வேண்டாம் என்று விடுவதா? மார்த்தாண்டத்தில் என் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். எல்லோருக்கும் ஒரே பதிலை என்னால் சொல்ல முடியாது. நாகர்கோவில் கல்லூரி விடுதியில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ் 5) வைத்துக்கொண்டு நண்பர்களோடு இணையத்தில் பந்து விளையாடும் மாணவருக்கு ஒரு பதில். வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பழைய பிஎஸ் 3-ஐ இன்னும் துணி போர்த்திப் பாதுகாக்கும் கருங்கல் ஊர் வீட்டுக்கு வேறு பதில்.

அப்டேட் என்றால் ஏதோ புதிதாகச் சேரும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். சேரவும் செய்யும், இருந்ததை எடுத்துக்கொண்டும் போகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நாளில் பெட்டியில் இருந்த ஒரு வசதி, நீங்களே அழுத்திய பொத்தானால் மறைந்துபோகலாம். ஒருமுறை போனால் முறையான வழியில் திரும்பி வராது. அதனால்தான் அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுதுகிறேன்.

பிஎஸ் 3-க்கு நடந்தது

வரலாறு தெரியாமல் வழிமுறையை மட்டும் படித்தால் இந்த எச்சரிக்கையெல்லாம் எதற்கு என்று தோன்றும். எனவே முதலில் பிஎஸ் 3-இன் கதை.

2006 நவம்பரில் வெளிவந்த பிஎஸ் 3-இல் ‘அதர் ஓஎஸ்’ என்றொரு வசதி இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பகுதியை ஒதுக்கி, லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். விளையாட்டுப் பெட்டியே கணினியாகிவிடும். கடிதம் தட்டச்சு செய்யலாம், நிரல் எழுதிப் பழகலாம். இது திருட்டு வழி இல்லை. சோனியே மெனுவில் வைத்துக் கொடுத்த வழி. கிராஃபிக்ஸ் சிப்பை மட்டும் லினக்ஸ் தொட முடியாதபடி ‘ஹைப்பர்வைசர்’ என்ற காவல் மென்பொருள் தடுத்திருந்தது. ஆனால் கணக்குப் போடுவதில் அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளை மிஞ்சிய ‘செல்’ செயலி திறந்தே கிடந்தது.

அந்தத் திறந்த கதவு வழியாகப் பலர் நல்ல வேலை செய்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக டார்ட்மத் வளாகத்தில் இயற்பியலாளர் கௌரவ் கன்னா பிஎஸ் 3 பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து, கருந்துளைகளைப் பற்றிய கணக்கீடுகளுக்குப் பயன்படுத்தினார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் சுமார் 1,760 பிஎஸ் 3-களைக் கோத்து ‘காண்டோர்’ என்ற சூப்பர் கணினியை உருவாக்கி 2010-இல் அறிவித்தது.

2009 ஆகஸ்டில் சோனி அறிவித்த மெலிந்த மாடலில் இந்த வசதி இல்லை. அதையாவது ஒப்புக்கொள்ளலாம், புதிய பெட்டி, புதிய பட்டியல், பிடித்தால் வாங்குங்கள். அடுத்து நடந்ததுதான் தவறு. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர், லினக்ஸ் வழியாக உள்ளே நுழைந்து, நினைவகத் தடத்தில் மிகக் குறுகிய மின்துடிப்பைச் செலுத்தி ஹைப்பர்வைசரின் காவலைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். மார்ச் 28 அன்று சோனியின் அறிவிப்பு வந்தது: பாதுகாப்புக் காரணங்களுக்காக, ஏப்ரல் 1 அன்று வரும் 3.21 அப்டேட்டில் ‘அதர் ஓஎஸ்’ நீக்கப்படும். ஏற்கெனவே விற்ற பெட்டிகளிலிருந்தும்தான்.

அப்டேட் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது, 3.21-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ கேட்கும் புதிய விளையாட்டுகளும் புதிய புளூரே படங்களும் ஓடாது. லினக்ஸ், இணையம் இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டு, ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றார்கள். தென்னந்தோப்பை விற்றவர் சில ஆண்டுகள் கழித்து வந்து, ‘வழி வேண்டுமா, கிணறு வேண்டுமா, ஒன்றைச் சொல்’ என்று கேட்பது போன்றது இது.

நீக்கியதால் பூட்டு வலுவானதா? அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே யூஎஸ்பி துளையில் செருகினால் காவலைத் தாண்டும் கருவி விற்பனைக்கு வந்தது. டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் ‘ஃபெயில்ஓவர்ஃப்ளோ’ குழுவினர் பிஎஸ் 3-இன் பாதுகாப்பையே கவிழ்த்துக் காட்டினார்கள். சோனியின் மென்பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு மின்னணுக் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தைப் போடும் கணக்கு முறையில், ஒவ்வொரு முறையும் யாராலும் ஊகிக்க முடியாத புதிய எண் ஒன்று சேர வேண்டும். சோனி எப்போதும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. அதே எண்ணால் போட்ட இரண்டு கையெழுத்துகள் கிடைத்தால் போதும், பள்ளிக்கூட இயற்கணிதத்தால் இரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் குழு முன்வைத்த வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது: லினக்ஸ் கதவு திறந்திருந்த ஆண்டுகளில் திறமையானவர்களுக்குப் பூட்டை உடைக்கும் தேவையே இருக்கவில்லை, கதவை அடைத்த பிறகுதான் அவர்கள் பூட்டின் பக்கம் திரும்பினார்கள்.

2011 ஜனவரியில் ஹாட்ஸ் முதன்மைச் சாவியை வெளியிட்டார். சோனி வழக்குத் தொடுத்தது. இனி சோனியின் பொருள்களை உடைப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள, ஏப்ரலில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே மாதத்தில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்து 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்களைத் திருடியது தனிச் சம்பவம். சிலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். வீட்டிலுள்ள பெட்டியைத் திறப்பதும் மற்றவர்களுடைய கணக்கு விவரங்களைத் திருடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்தவர்கள்மீது எனக்குத் துளியும் பரிவு இல்லை.

இந்தக் கதையில் பூட்டை உடைத்தவர்கள் கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சிலர். வசதியை இழந்தவர்களோ எதையும் உடைக்காதவர்கள். அமெரிக்காவில் வாங்கியவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு எட்டு ஆண்டுகள் இழுத்து, 2018-இல் 37.5 லட்சம் டாலர் சமரசமாக முடிந்தது. தலைக்கு அதிகபட்சம் 65 டாலர். வளைகுடாவிலோ சென்னையிலோ வாங்கியவர்களுக்கு அதில் பங்கில்லை. நம் பெட்டியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் இருப்பது எது, அது இன்று என்ன செய்கிறது?

முதல் வேலை இதுதான். கன்சோலின் பின்பக்கமோ அடிப்பக்கமோ இருக்கும் மாடல் எண்ணைக் கைபேசியில் படம் எடுங்கள். நம் குமரி மாவட்டத்தில் பாதிப் பெட்டிகள் விமானத்தில் வந்தவை. அட்டைப்பெட்டியும் ரசீதும் எங்கேயோ போயிருக்கும். மாடல் எண் ஒன்றுதான் நிலையான அடையாளம்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்டிகள் ஒன்றல்ல. பிஎஸ் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் நான்கு யூஎஸ்பி துளைகள் இருந்தால் அது ஆரம்ப காலப் பெட்டி. பிஎஸ் 2 டிஸ்க்குகளையும் ஏதோ ஓர் அளவுக்கு ஓட்டும். இரண்டே துளைகள் இருந்தால் பிஎஸ் 2 டிஸ்க் ஓடாது. செலவைக் குறைக்க 2007 இறுதியிலிருந்து பிஎஸ் 2 டிஸ்க்கை ஓட்ட உதவிய சிப்பையும் இரண்டு துளைகளையும் எடுத்துவிட்டார்கள். நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோலிலும் இதே கதைதான்: முதல் மாடலில் அதற்கு முந்தைய கன்சோலான கேம்கியூபின் டிஸ்க்குகளும் ஓடும், 2011-இல் வந்த மாற்று மாடலில் அந்த வசதி இல்லை, பிறகு வந்த ‘வீ மினி’யில் இணையமே இல்லை.

அருமனையிலிருந்து ஓர் அம்மா, நான்கு துளை உள்ள பிஎஸ் 3 ஒன்றைத் துணிப்பையில் கொண்டுவந்தார். மகன் குவைத்தில் இருக்கிறார். அவர் சிறுவயதில் விளையாடிய பிஎஸ் 2 டிஸ்க்குகளைப் பேரன் போட்டு விளையாடுகிறான். “இது சூடாகிச் சூடாகி நிற்கிறது. புதிதாக ஒன்று வாங்கினால் இந்த டிஸ்க்கெல்லாம் ஓடாதா மக்களே?” என்று கேட்டார். “ஓடாது அம்மா. இதைத்தான் காப்பாற்ற வேண்டும்” என்றேன். உள்ளே காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையை மாற்றி, விசிறியைத் துடைத்துக் கொடுத்தேன். வீட்டில் இருப்பது எந்த மாடல் என்று தெரியாமல் எத்தனையோ பேர் இத்தகைய பெட்டிகளைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து மென்பொருள் பதிப்பு எண். பிஎஸ் 3-இல் செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போனால் தெரியும். பிஎஸ் 4-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் இன்ஃபர்மேஷன். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் சிஸ்டம் செட்டிங்ஸ் உள்ளே சிஸ்டம் என்ற பிரிவில் இருக்கும். அந்த எண்ணை ஒரு சின்னத் தாளில் தேதியோடு எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

பிறகு, உங்கள் வீட்டில் உண்மையிலேயே பயன்படும் வசதிகளை எழுதுங்கள். விளம்பரத்தில் இருப்பவை தேவையில்லை. படம் பார்ப்பது, பழைய டிஸ்க் ஓட்டுவது, ஒரு குறிப்பிட்ட செயலி, பழைய கண்ட்ரோலர் என்று உங்கள் வீட்டுக்கு எது முக்கியமோ அது மட்டும். அப்டேட் கேட்கும் நாளில் இந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்டேட் எந்த வழியாக வருகிறது?

இணையத்தை நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பிஎஸ் 3, பிஎஸ் 4 விளையாட்டு டிஸ்க்குகளுக்குள்ளேயே அப்டேட் கோப்பு இருக்கும். உங்கள் பெட்டியின் பதிப்பைவிடப் புதிய பதிப்பு தேவைப்படும் டிஸ்க்கைப் போட்டால் அது அப்டேட் கேட்கும். நண்பரிடம் இரவல் வாங்கிய டிஸ்க்கைப் போட்டுவிட்டு, கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தும் சிறுவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிவைப்பது அவசியம்.

இணைய வழியை அடைப்பதும் கன்சோலுக்குக் கன்சோல் மாறும். பிஎஸ் 3-இல் சிஸ்டம் செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் அப்டேட் என்று இருப்பதை நிறுத்துங்கள். பிஎஸ் 4-இல் சிஸ்டம் பிரிவில் ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ் உள்ளே சிஸ்டம் மென்பொருளுக்கான குறியை எடுத்துவிடுங்கள். அதோடு, உறக்க நிலையில் இணையத்தோடு இணைந்திருக்கும் அமைப்பையும் மின்சேமிப்புப் பிரிவில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தூங்கும்போது அது விழித்திருக்கும். பிஎஸ் 5-இல் சிஸ்டம் சாஃப்ட்வேர் என்ற பிரிவில் தானாக இறக்குவது, தானாக நிறுவுவது என இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள் உண்டு. இரண்டையும் பாருங்கள். ஸ்விட்சில் சிஸ்டம் அப்டேட் இறங்குவதை நிறுத்தத் தனி அமைப்பு கிடையாது. ஏர்பிளேன் முறையில் போடுவது அல்லது வைஃபை இணைப்பையே அழித்துவிடுவது, இவ்வளவுதான் வழி.

இன்னொரு வழியும் உண்டு. அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பழுதுபார்க்க அனுப்பும் கன்சோல் திரும்பி வரும்போது புதிய பதிப்போடு வரும். தக்கலைக்காரர் ஒருவர் டிஸ்க் டிரைவ் பழுதென்று வெளியூரில் ஒரு சேவை மையத்துக்கு அனுப்பினார். டிரைவ் சரியாகி வந்தது. மென்பொருள் கடைசிப் பதிப்புக்குப் போயிருந்தது. சேமித்து வைத்திருந்த விளையாட்டு நிலைகள் முழுவதும் அழிந்திருந்தன. அனுப்பும் முன் ‘மென்பொருளை மாற்ற வேண்டாம்’ என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால், அனுப்புவதா வேண்டாமா என்பதை நீங்கள் தெரிந்தே முடிவு செய்யலாம்.

முதலில் நகல்

அப்டேட் கொடுப்பதாக இருந்தாலும் கொடுக்காவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். பிஎஸ் 3-இல் பேக்கப் யுட்டிலிட்டி, பிஎஸ் 4, பிஎஸ் 5-இல் பேக் அப் அண்ட் ரீஸ்டோர். ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வேண்டும். பிஎஸ் 4 விளையாட்டுகளின் சேமிப்பை மட்டும் தனியாக யூஎஸ்பியில் நகலெடுக்கலாம். பிஎஸ் 5 விளையாட்டுகளுக்கு அப்படித் தனியாக எடுக்க முடியாது. மொத்த நகல், அல்லது சந்தா கட்டி, தயாரிப்பாளரின் சர்வரில் வைக்கும் மேகச் சேமிப்பு. ஸ்விட்சில் சேமிப்புகளை மெமரி கார்டில் நகலெடுக்கவே விடமாட்டார்கள். பயனரின் சொந்த உழைப்பின் பதிவைப் பயனரிடமே கொடுக்க மறுப்பது சரியில்லை என்று நான் திடமாக நினைக்கிறேன். நீக்கப்பட்ட வசதிகளைப் பேசும்போது, ஆரம்பத்திலேயே கொடுக்காமல் விட்டவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பெட்டி செத்த பிறகு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. கணினியில் செருகினால் எதுவும் தெரியாது. பிஎஸ் 3, பிஎஸ் 4 இரண்டிலும் ஹார்டு டிஸ்க் அந்தந்தப் பெட்டிக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கும். பெட்டியின் மதர்போர்டு போனால் டிஸ்க்கில் உள்ளிருப்பதும் போயிற்று. உயிரோடு இருக்கும்போதே நகல் எடுங்கள்.

இப்போது முடிவு

தாளையும் நகலையும் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த அப்டேட் எதை எடுக்கிறது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா? எடுப்பது என் தாளில் இருக்கிறதா? அப்டேட் கொடுக்காவிட்டால் எனக்கு எது நின்றுபோகும்?

இணையத்தில் விளையாடுகிறவருக்கு மூன்றாவது கேள்வியே முடிவைச் சொல்லிவிடும். அப்டேட் இல்லாமல் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. சின்ன வசதி போனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2023 நவம்பரில் பிஎஸ் 4, பிஎஸ் 5 இரண்டிலிருந்தும் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்துக்கு நேரடியாகப் படம் அனுப்பும் வசதி போனது. 2024 ஜூனில் ஸ்விட்சிலிருந்தும் போனது. அவை அப்டேட்டை மறுத்தாலும் தங்கியிருக்காது. மறுமுனையில் இருக்கும் சர்வர் மூடினால் நம் கையில் எதுவும் இல்லை. நிண்டெண்டோவின் கையடக்க கன்சோலான 3டிஎஸ்-இன் இணையக் கடை 2023 மார்ச்சிலும், அதன் இணைய விளையாட்டு 2024 ஏப்ரலிலும் மூடப்பட்டன. பிஎஸ் 3, கையடக்க கன்சோலான வீட்டா இரண்டின் கடைகளையும் 2021-இல் மூடப்போவதாக அறிவித்த சோனி, பயனர்களின் எதிர்ப்பைப் பார்த்து அடுத்த மாதமே பின்வாங்கியது. கூட்டமாகக் கேட்டால் காது கேட்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அது.

இணையம் இல்லாமல் பழைய டிஸ்க் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு என் பதில்: எல்லாம் ஒழுங்காக ஓடினால் தொடாதீர்கள். இரண்டும் வேண்டுமென்றால், முடிந்தவர்கள் இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளலாம். பழையது இணையமில்லாமல் நிற்கட்டும். புதியது ஊரோடு ஓடட்டும்.

அதே சமயம், அப்டேட் என்றாலே பகை என்று நினைக்கவும் கூடாது. பிஎஸ் 4-க்குள் சிஆர் 2032 வகைச் சிறு பேட்டரி ஒன்று இருக்கிறது, கடிகாரத்துக்காக. அது தீர்ந்த நிலையில் பெட்டி நெட்வொர்க்கோடு இணைந்து நேரத்தைச் சரிசெய்யாவிட்டால், சொந்தமாக வாங்கிய டிஸ்க்கே ஓடாமல் போகும் ஒரு குறை முன்பு இருந்தது. நெட்வொர்க் என்றைக்காவது மூடப்பட்டால் உலகத்திலுள்ள பிஎஸ் 4 எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துவிடும் என்று பயனர்கள் குரல் எழுப்பினார்கள். 2021 செப்டம்பரில் வந்த 9.00 பதிப்பு சத்தமில்லாமல் அதைச் சரிசெய்தது. எனவே 9.00-க்குக் கீழே நிற்கும் பிஎஸ் 4 வந்தால், வேறு காரணம் இல்லாதபட்சத்தில், நானே அப்டேட் கொடுக்கச் சொல்கிறேன். பிஎஸ் 3-க்கு இப்போது வரும் அப்டேட்டுகளும் பெரும்பாலும் புளூரே படங்களுக்கான சாவியைப் புதுப்பிப்பதற்குத்தான். புதிய படங்கள் பார்க்காதவருக்கு அவசரமில்லை.

அழுத்தும் நாளில்

கொடுப்பதென்று முடிவு செய்தால் வானத்தைப் பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும்போது அப்டேட்டைத் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். காலை நேரம் நல்லது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னாலுள்ள சுவிட்ச் ‘யூபிஎஸ்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி விளக்குக்கும் விசிறிக்கும் தெரியாது, கன்சோலுக்குத் தெரியும்.

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கோப்பை யூஎஸ்பியில் இறக்கி நிறுவுவதே என் வழக்கம். வைஃபை அறுந்துபோகும் பயம் இல்லை. நிறுவியபின் அந்தக் கோப்பைப் பதிப்பு எண்ணோடு பத்திரமாக வையுங்கள். பின்னாளில் ஹார்டு டிஸ்க் மாற்ற நேர்ந்தால் பெட்டி அதே பதிப்பையோ அதற்கு மேற்பட்டதையோ கேட்கும். தளத்தில் அன்றைய கடைசிப் பதிப்பு மட்டுமே கிடைக்கும்.

பின்னோக்கிப் போக முடியுமா என்று கேட்பார்கள். முறையான வழி இல்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இல் சில அப்டேட்டுகள் செயலிக்குள் நுண்ணிய மின் உருகி ஒன்றை எரித்துவிடும். எரிந்ததை எண்ணிப் பார்த்துப் பழைய பதிப்பைப் பெட்டி மறுத்துவிடும்.

பழைய பெட்டி வாங்கும்போது

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கைமாறும் கன்சோல் வாங்கினால், விலை பேசும் முன் பதிப்பு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நெட்வொர்க்கில் உங்கள் கண்ணெதிரே நுழைந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டை உடைத்து மாற்றம் செய்த பெட்டிகளை நெட்வொர்க்கிலிருந்து நிரந்தரமாக விலக்குவது தயாரிப்பாளர்களின் வழக்கம். 2009-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளைப் பெரும் எண்ணிக்கையில் அப்படி விலக்கியது. இந்தத் தடை கணக்குக்கு மட்டுமல்ல, பெட்டிக்கும் விழும். உள்ளே கேம்கள் நிரப்பித் தருகிறோம் என்று சொல்லும் பெட்டியை வாங்கவே வேண்டாம். குளச்சல், தூத்தூர் பக்கத்துப் பெட்டியென்றால் யூஎஸ்பி துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றின் பச்சை அங்கேதான் முதலில் தெரியும்.

கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ் கொண்ட பிஎஸ் 5 வாங்குகிறவர்கள் கவனிக்க: டிரைவைப் பெட்டியோடு முதல்முறை இணைக்க இணையம் தேவை.

சட்டமும் புகாரும்

‘போன வசதியை மீட்டுத் தருவீர்களா?’ என்று கேட்பவர்களுக்கு. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதற்கு விலக்கு உண்டு. ஆனால் அப்படி ஒருவருக்குச் செய்துகொடுப்பவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் முழுமையாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். அதனால் என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. தான் எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்க லினக்ஸ் வேண்டும் என்று வருகிற பாலிடெக்னிக் மாணவரின் பெயர் அதில் ஏறும். திருட்டு விளையாட்டு ஏற்றித் தரச் சொல்கிறவரைப் பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவர்களைக் காரணம் காட்டித்தான் மற்றவர்களின் வசதி பறிபோகிறது. நிரல் பழகத்தான் வேண்டுமென்றால், எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியில் மைக்ரோசாஃப்ட் 2016 முதல் டெவலப்பர் முறையைப் பொதுமக்களுக்கும் திறந்து வைத்திருக்கிறது. எதையும் உடைக்க வேண்டாம்.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் புகார் கொடுங்கள். பிஎஸ் 3 விவகாரத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர், தயாரிப்பாளரை விட்டுவிட்டு வாங்கிய கடையிடம் கேட்டார். பொருள் விற்றபோது சொன்னபடி இல்லை என்ற வாதத்தை ஏற்று, அந்தக் கடை, விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. இங்கே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். தீராவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இணைக்க வேண்டியவை: ரசீது, மாடல் எண்ணின் படம், வசதியைக் குறிப்பிடும் அட்டைப்பெட்டியின் படம், வசதி வேலை செய்தபோது எடுத்த படம், அப்டேட் அறிவிப்பு வந்த திரையின் படம். வளைகுடாவில் வாங்கிய பெட்டிக்கு இங்கே கேட்பது மிகக் கடினம், வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஊருக்கு வரும் உறவினரிடம் கன்சோல் வாங்கிவரச் சொல்கிறவர்கள், கடை ரசீதையும் அட்டைப்பெட்டியையும் பயணச் சுமையைக் குறைப்பதற்காக அங்கேயே எறிந்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.